நிலைக்கதவும் கடுக்காய்த் தண்ணீரும்

சங்கராபுரத்துக்கு அருகே என் அக்கா வீட்டுக்காரர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். சின்ன வீடில்லை, 5,000 சதுர அடி. நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், முன்னால் இருபுறமும் திண்ணை, மேலே நாட்டு ஓடு. கடைக்கால் போட்டுச் சுவரும் இடுப்பளவு எழும்பிவிட்டது. இனி மரவேலை. தலைவாசலுக்கு நிலையும் கதவும் வேண்டும், முற்றத்துக்கு 12 தூண்கள் வேண்டும். காரைக்குடிக்குப் போய்ப் பழைய தூண்களாகவே வாங்கிவிடலாம் என்று மாமா முடிவு செய்திருந்தார். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கள்ளக்குறிச்சியை ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று நான்தான் அவரைக் கிளப்பினேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தவர்களுக்கு அங்குள்ள பழம்பொருள் கடைகளின் ஈர்ப்பு தெரியும். கடை வாசலில் தேக்குத் தூண்கள் சாய்ந்து நிற்கும். உள்ளே சூரியப்பலகைகள், எனாமல் பாத்திரங்கள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடிகள். ஒரு தூணைத் தடவிப் பார்த்தால் நூறாண்டுக் கைகள் பட்டு வழவழத்திருக்கும். ஆனால் அந்தத் தூண் தானாக நடந்து கடைக்கு வரவில்லை. எங்கோ ஒரு செட்டிநாட்டு வீடு இடிந்த பிறகுதான் வந்திருக்கிறது. 1850-களிலிருந்து 1940-கள் வரை நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளால் எழுந்த வீடுகள் அவை. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்த வருமானத்தின் வேர் அறுந்தது. பிறகு பங்காளிகள் பெருகினார்கள், பராமரிக்க ஆளில்லை, ஒவ்வொன்றாக இடித்து விற்கத் தொடங்கினார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறினாலும் இடிப்பு நிற்கவில்லை. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்திராவைப் போலப் பழைய வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய் மறுபடி வீடாகவே நிறுத்திக் காப்பது ஒரு வகை. தூணை மட்டும் உருவி எடுத்து நம் வீட்டில் நட்டுக்கொள்வது வேறு. புது வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் பழைய தூணுக்கு நல்ல விலை கொடுக்கக் கொடுக்க, நிற்கிற வீட்டைவிட இடிந்த வீட்டுக்கு மதிப்பு கூடிப்போகிறது. மரபின் மேல் உள்ள ஆசையே மரபைத் தின்பது எனக்குப் பெரிய வருத்தம். வழி நெடுக மாமாவிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கள்ளக்குறிச்சி என்றால் இன்று பலருக்கும் 2024 ஜூன் மாதமும் கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்குப் பலியான அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அதை மறக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த ஊர் தன் கையால் சம்பாதித்த பெயர் ஒன்றும் இருக்கிறது. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே மரத்தில் சிற்பம் செதுக்குகிறார்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் பட்டறைகள் பரவியிருக்கின்றன. பூம்புகார் நிறுவனம் விண்ணப்பித்ததன் பேரில் 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குக் கிடைத்திருந்தது. பச்சைமலைக்கு அடியில் ஒன்று, கல்வராயன்மலைக்கு அடியில் ஒன்று. மலையடிவாரங்களில் மரத்தொழில் தங்கியதில் வியப்பில்லை.

நாங்கள் நுழைந்த பட்டறையில் தகரக் கொட்டகைக்குக் கீழே மூன்று பேர் வேலையில் இருந்தார்கள். ஒரு பக்கம் கோயில் வாகனத்துக்கான குதிரையின் கழுத்து, இன்னொரு பக்கம் ஊஞ்சல் பலகை. நடுவில் ஒரு நிலையின் மேல் சட்டம் தரையில் கிடத்தப்பட்டிருந்தது. அதில் கஜலட்சுமி பாதி உருவாகியிருந்தாள். யானைகள் இரண்டும் வந்துவிட்டன, தாமரை இன்னும் பென்சில் கோடாகவே இருந்தது. வயதான ஆசாரி மரத்தை வலது காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கொட்டாப்புளியால் உளியைத் தட்டித் தட்டிச் செதுக்கினார். பக்கத்தில் சாக்கு விரிப்பில் அகலத்துக்கு ஒன்றாக உளிகள் வரிசையாக இருந்தன. தட்டையானவை, வளைந்தவை, நகத்தின் அளவே வாய் உள்ளவை. ஒரு உளியை இரண்டு மூன்று தட்டுக்கு மேல் அவர் தொடரவில்லை. பார்க்காமலேயே கை அடுத்ததை எடுத்தது.

மாமா தன் கைப்பேசியில் ஒரு கதவின் படத்தைக் காட்டினார். இயந்திரத்தில் குடைந்த கதவு. மூன்றே நாளில் தருகிறேன் என்று ஒரு வியாபாரி அனுப்பியது. ஆசாரி படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தார். குறை சொல்லவில்லை. எழுந்து போய், பட்டறை மூலையிலிருந்து இயந்திரத்தில் குடைந்த ஒரு பலகைத் துண்டை எடுத்து வந்து, தான் செதுக்கிய கொடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இலைக்கு அடியில வெரல விட்டுப் பாருங்க சார்" என்றார்.

இயந்திரத்தில் குடைந்த இலை பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பள்ளம், பள்ளத்தின் ஆழம் எங்கும் ஒன்றே, மூலைகளெல்லாம் மழுங்கல். ஆசாரி செதுக்கிய இலையின் விளிம்பு பலகையை விட்டு எழும்பி நின்றது. விரல் நுனி அதற்கு அடியில் நுழைந்தது. இலைக்குக் கீழே நிழல் விழுந்தது.

"மிசினு மேலருந்துதான் சார் எறங்கும். உளிய நாம சாச்சுப் பிடிக்கலாம், படுக்க வச்சும் ஓட்டலாம். அந்த நெழலு வந்தாத்தான் சார் வெளக்கு வெளிச்சத்துல உருவம் எழும்பும்."

மூன்று நாள் கதவுக்கும் ஆசாரி நான்கு மாதம் கேட்கும் கதவுக்கும் உள்ள வித்தியாசம் என் விரல் நுனிக்குத் தெரிந்தது. இயந்திரத்தின் மேல் எனக்குப் பகையில்லை. மரத்தை அறுக்கவும் இழைக்கவும் இந்தப் பட்டறையிலும் மின்சாரக் கருவிகள்தான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர் முதலில் கைவைக்கும் இடம் தலைவாசல். அங்கே ஒரு மனிதனின் கைவேலை இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு பேச்சு மரத்துக்குத் திரும்பியது. சாமி சிலைகளுக்கு வாகை எடுக்கிறார்கள். உளிக்கு இணங்கும், விலையும் தாங்கும். வெயிலையும் மழையையும் தாங்கவேண்டிய நிலைக்கும் கதவுக்கும் தேக்கு அல்லது வேங்கை. எதுவானாலும் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் செய்த நிலை காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். கதவு நிலையில் உட்காராது. கனமான தூண்களுக்கான மரம் வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரத்தோடு இருந்தால், நட்ட பிறகு நெடுக வெடிப்பு விடும். பழைய வீட்டுத் தூண்களின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையில் பாதி இதனால்தான்: நூறாண்டு காய்ந்த மரம் இனி அசையாது. மாமாவும் இதைக் கேட்டார். ஆசாரி அதை மறுக்கவில்லை. ஆறின மரமாகத் தேடி எடுப்பது தன் பொறுப்பு, அதற்குக் காலம் கொடுப்பது உங்கள் பொறுப்பு என்றார். அவசரமென்றால் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது.

விலையையும் எழுதிவிடுகிறேன். தூண்கள் காரைக்குடி விலைக்கு ஏறக்குறைய வந்தன. கதவும் நிலையும் அதைவிடக் கூடுதல். குறைந்த செலவில் மரபு வீடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் காரைக்குடியில் கொடுக்கும் பணம் ஒரு சரக்குக்குப் போகிறது. இங்கே கொடுப்பது நான்கு மாதக் கூலியாக மூன்று வீடுகளின் அடுப்புக்குப் போகிறது. அந்த நான்கு மாதத்தில் பட்டறையின் இளையவர் ஒரு நிலையை முழுதாகச் செய்யப் பழகிவிடுவார். பெரிய வீடு கட்டும் வசதி உள்ளவர்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. மாமா அன்றே தூணுக்கும் கதவுக்கும் சொல்லிவிட்டார்.

அடுத்து கல்வராயன்மலைக்குப் போனோம். காரணம் கடுக்காய். உள்சுவர்களுக்குச் சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்புக் காரைதான் பூசவேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. அந்த வேலை தெரிந்த கொத்தனாரும் கிடைத்துவிட்டார். அவர் கொடுத்த பட்டியலில் நீற்றிய சுண்ணாம்பு, ஆற்று மணல், வெல்லம், கடுக்காய் என்று இருந்தது. கரும்பு விளையும் ஊரில் வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. கடுக்காயைச் சென்னையிலிருந்து மூட்டையாக வரவழைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கல்வராயன்மலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கடுக்காய்க்குச் சென்னைக்குச் சொல்லி அனுப்புவதா?

கடுக்காயை இடித்து வெல்லத்தோடு தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, பத்துப் பதினைந்து நாள் நுரைத்துப் புளிக்க விடுவார்கள். அந்தத் தண்ணீரை வடித்து, சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரையில் ஊற்றி மைய அரைப்பார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. அது மாதக் கணக்கில் நடக்கும் வேலை. வெல்லத் தண்ணீர் காரைக்குப் பிடிப்பைத் தருகிறது, கடுக்காயின் துவர்ப்பு வெடிப்பைக் குறைக்கிறது என்பது கொத்தனார்கள் தலைமுறையாகக் கண்டறிந்தது. சென்னை சேப்பாக்கத்தில் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை புதுப்பித்தபோதும் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்ற இதே கூட்டைத்தான் கையாண்டார்கள். அப்படிப் பூசிய சுவர் மூச்சு விடும். மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விடும். கோடையில் அனல் அடிக்கும் இந்தச் சமவெளிக்கு அது ஆடம்பரமே இல்லை.

கச்சிராயபாளையம் வழியாகப் போனோம். சர்க்கரை ஆலையைத் தாண்டிச் சற்று தூரத்தில் கோமுகி அணை. முழு நீர்மட்டம் 46 அடி. மலையில் பெய்யும் மழை முதலில் வந்து நிற்கும் இடம். பரிகத்துக்கு மேல் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. முட்புதர்க்காடு மெல்ல மறைந்து மரங்கள் உயர்கின்றன. பெரியார் அருவியில் கொஞ்சம் கூட்டம் இருந்தது. இறங்கி முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டோம். கரியாலூரைத் தாண்டியதும் குளிர்ச்சி உடம்பில் பட்டது. வடக்கே சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி என்பார்கள். சாலையின் இரு புறமும் மரவள்ளியும் சாமையுமாக நிலங்கள், நடுநடுவே கடுக்காய் மரங்கள்.

மலையாளிப் பழங்குடியினரின் மலை இது. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கடுக்காய் அவர்களுக்குக் கைச்செலவுக்கான காசு. பனி மாதங்களில் காய் பழுத்து உதிர, பொறுக்கிக் காயவைத்து விற்கிறார்கள். ஒரு காலத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு வண்டி வண்டியாகப் போன சரக்கு. வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் ஒரு சிற்றூரில் வீட்டு வாசலில் பாய் விரித்து ஒரு பாட்டி கடுக்காயைக் காயப்போட்டிருந்தார். நல்ல காய், ஐந்து வரி தெளிவாகத் தெரிந்தது. மாமா விலை கேட்டார். பாட்டி சொன்ன விலை, அடிவாரக் கடையில் நாங்கள் விசாரித்ததில் பாதிகூட இல்லை. கடை விலையையே கொடுத்து இரண்டு மூட்டைக்குச் சொன்னோம்.

அவருடைய வீடு என்னைப் பிடித்து நிறுத்தியது. மூங்கில் தட்டியில் செம்மண் பூசிய சுவர், சாணம் மெழுகிய தரை, முன்னால் தாழ்வான திண்ணை, மலைப்புல் வேய்ந்த கூரை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கூரை அவ்வளவு தாழ இறங்குவதால்தான் சாரல் சுவரைத் தொடுவதில்லை. அடுப்புப் புகை மேலே பரணில் தங்கிக் கூரைப் புல்லைப் பூச்சியிலிருந்து காக்கிறது. பரணில் கட்டி வைத்த சாமை விதையையும் காக்கிறது. வெளியே உச்சி வெயில், உள்ளே மரத்தடி நிழல்போல் இதமாக இருந்தது. நான் வியந்து பேசப் பேசப் பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் சாமி இருக்கும், நாலு நாளு இருந்துட்டுப் போறவங்களுக்கு. மழ புடிச்சா ராவெல்லாம் முழிச்சிருக்கணும். புல்லு அறுக்க இப்ப ஆளு எங்க? தார்ஸ் வீடுன்னா கதவச் சாத்திக்கினு படுக்கலாம். பையனுக்கு வீட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கோம்."

நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். இந்த மலை நீண்ட காலம் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. 1970-களின் நடுப்பகுதியில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. உழுத நிலம் தன் பெயரில் இல்லாதபோது யார் கல்லும் சுண்ணாம்பும் வாங்கி வீடு கட்டுவார்கள்? மண்ணும் புல்லும் இந்த மக்களின் அறிவுக்குச் சான்று. வேறெதற்கும் வழியில்லாமல் போனதற்கும் சான்று. 5,000 சதுர அடி கட்டுகிறவர் சிமெண்டை ஒதுக்கிச் சுண்ணாம்பைத் தேர்ந்தெடுக்கலாம். அவருக்கு இரண்டும் கிடைக்கும். பாட்டிக்கு அந்தத் தேர்வு எப்போதும் கிடைத்ததில்லை. மரபைக் காப்பாற்றுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரபு வீட்டின் மேல் உண்மையான பிரியம் உள்ளவர்கள் இந்தக் கூரைக்குக் கீழே செய்யக்கூடியது ஒன்றுதான்: இவர்கள் அறிந்த பொருளுக்கும் வேலைக்கும் உரிய விலையைக் கொடுப்பது. கடுக்காய்க்கு, தேனுக்கு, மண் பூசும் கைக்கு.

திண்ணை மெழுகும் பக்குவத்தை மாமா அவரிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டார். செம்மண்ணைச் சலித்து, சாணத்தோடு குழைத்து ஒரு நாள் வைத்திருந்து, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை. முதல் பூச்சு முக்கால் ஈரத்தில் இருக்கும்போதே இரண்டாவது. கொத்தனாரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

ஊர் திரும்பியதும் அக்காவையும் அழைத்துக்கொண்டு திருக்கோவிலூருக்கும் போனோம். வீட்டு வேலை தொடங்கியதிலிருந்து உலகளந்த பெருமாளுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. ஓங்கிய திருவடியோடு நிற்கும் அந்தப் பெரிய மூலவர் மரத்தால் ஆனவர் என்பார்கள். ஆசாரியின் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்தத் தரிசனம் வேறாக இருந்தது.

இந்தத் தலத்தின் கதை ஒரு வீட்டின் கதை. மழை இரவு. பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்குகிறார். வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள அந்த ஒடுங்கிய இடத்தில் ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வருகிறார்; இருவர் உட்காரலாம். பேயாழ்வார் வருகிறார்; மூவர் நிற்கலாம். மூவரும் நெருக்கி நிற்கையில் நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குகிறார், இருட்டில் முகம் தெரியவில்லை. பெருமாளே அவர் என்று மூவரும் உணர்ந்த இடம் இது என்று நம்புகிறோம். முன்பின் தெரியாதவர் மழைக்கு ஒதுங்க வீட்டில் ஓரிடம் இருந்ததால் நடந்த கதை.

பிரகாரத்தில் உட்கார்ந்து மாமா வரைபடத்தை விரித்தார். தெருவிலிருந்து முதலில் எட்டடிச் சுற்றுச்சுவர், இரும்புக் கேட். அதற்குள்ளே தோட்டம். அதையும் தாண்டித்தான் திண்ணை, இடைகழி, நிலைக்கதவு எல்லாம். ஊரில் புதிதாக எழும் மரபு வீடுகள் எல்லாமே இப்படித்தான். தூண் இருக்கும், திண்ணை இருக்கும், அதில் உட்கார ஒருவரும் வர முடியாது. சந்தைக்கு நடந்து போகிற கிழவி மூட்டையை இறக்கி வைக்க முடியாத திண்ணை வெறும் சிமெண்டு பெஞ்சு என்று நான் சொன்னேன். அக்கா, "பெரிய வீடு, பாதுகாப்பு வேண்டாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பகலில் அவள் தனியாக இருப்பாள்.

மாமா பென்சிலை எடுத்தார். சுற்றுச்சுவரை இரண்டு பக்கமும் பின்னுக்கு இழுத்து வீட்டுச் சுவரோடு சேர்த்தார். தோட்டம் பக்கவாட்டுக்கும் கொல்லைக்கும் போனது. திண்ணை நேராகத் தெருவுக்கு வந்தது. பிறகு என்ஜினீயருக்கு ஃபோன் போட்டார். மறுமுனையிலும் அதே கேள்விதான் வந்திருக்க வேண்டும்.

"நிலைக்கதவு மூணு அங்குலக் கனத்துல வருது தம்பி, வேங்கையில. பூட்ட அதுல போட்டுக்கலாம். திண்ணைக்கு மேல கூரைய மட்டும் இன்னும் ரெண்டடி நீட்டிப் போடுங்க, சாரல் அடிக்காம இருக்கட்டும்" என்றார்.